பூலனின் நிலமும் சீமாவின் முகமும்

(திரைப்பட ரசனை வகுப்பு ஒன்றின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றவாளி என்று பெயரெடுத்த ஒருவரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கும்போது அதில் நடிப்பவரின் பங்கு என்ன என்று பேச அழைத்தீர்கள். பத்துப் படங்களின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். சேகர் கபூர் இயக்கிய 'பேண்டிட் குயின்'. 1994-ல் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் காட்டப்பட்டது. இந்தியத் திரையரங்குகளுக்கு 1996 ஜனவரியில்தான் வந்தது. பூலன் தேவியாக நடித்தவர் சீமா பிஸ்வாஸ்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களைச் சொல்கிறேன். இந்தப் படம் பூலன் தேவிக்கு ஓர் அநீதியைச் செய்தது. அந்த அநீதியின் நடுவே நின்றுகொண்டு, திரைக்கதை எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கையாவது பூலனுக்குத் திருப்பிக் கொடுத்தவர் சீமா பிஸ்வாஸ். முப்பது ஆண்டுகளாகப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு பக்கமும் கண்டிப்பவர்கள் மறுபக்கமுமாகப் பேசிவருகிறார்கள். இரண்டு பக்கத்தாருமே நடிப்பைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

பூலன் பிறந்தது 1963-ல், உத்தரப் பிரதேசத்தின் ஜலோன் மாவட்டத்தில், யமுனைக் கரையை ஒட்டிய கோர்ஹா கா புர்வா என்ற சிற்றூரில். மல்லா சாதி. படகோட்டுவதும் மீன்பிடிப்பதும் அவர்களுடைய தொழில். பூலனின் தந்தைக்கும் அவருடைய அண்ணன் குடும்பத்துக்கும் இடையில் நிலத்தகராறு இருந்தது. பெரியப்பா இறந்த பிறகு அவருடைய மகன் மாயாதீன் நிலத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அங்கே நின்ற பெரிய வேப்பமரத்தை வெட்டி விற்றார். தந்தை வாய்மூடி இருந்தார். பத்து வயதைத் தாண்டாத பூலன் வாய்மூடவில்லை. ஊர் பார்க்க மாயாதீனைத் திருடன் என்றாள். அக்காவைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த நிலத்திலேயே உட்கார்ந்தாள். செங்கல்லால் அடித்து நினைவிழக்கச் செய்தார்கள். அதன் பின்புதான் பதினோராவது வயதில், மூன்று மடங்கு வயதுள்ள புத்திலாலுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அந்த வீட்டின் கொடுமை தாங்காமல் அவள் திரும்பி வந்தாள். மாயாதீனோடு பகை தொடர்ந்தது. 1979-ல் அவர் கொடுத்த திருட்டுப் புகாரில் பூலன் சிறைக்குப் போனார். அதே ஆண்டில் கொள்ளையர் கூட்டம் ஒன்று அவரைத் தூக்கிச் சென்றது.

அதற்குப் பிறகு நடந்தவை செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும். கூட்டத் தலைவன் பாபு குஜ்ஜாரை விக்ரம் மல்லா சுட்டுக்கொன்றான். விக்ரமும் பூலனும் ஒன்றாக வாழ்ந்தார்கள். சிறையிலிருந்து திரும்பிய ஸ்ரீராம், லாலாராம் என்ற, தாக்கூர் மேல்சாதியைச் சேர்ந்த சகோதரர்கள் 1980-ல் விக்ரமைக் கொன்று பூலனை பெஹ்மாய் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். 1981 பிப்ரவரி 14 அன்று பூலனின் கூட்டம் அதே பெஹ்மாய்க்குள் புகுந்தது. 20 ஆண்கள் வரிசையில் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேடிவந்த ஸ்ரீராமும் லாலாராமும் அன்று அங்கே இல்லை. உத்தரப் பிரதேசத்தின் அன்றைய முதல்வர் வி.பி. சிங், கொள்ளையரை அடக்க முடியாத நிலையில் 1982-ல் பதவி விலகினார். 1983 பிப்ரவரி 12 அன்று மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில், முதல்வர் அர்ஜுன் சிங் முன்னிலையில், காந்தி படத்துக்கும் துர்க்கை படத்துக்கும் முன்னால் பூலன் துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஆயிரக்கணக்கில் கூடியிருந்த கூட்டம் ஆறடி உயரப் பெண்ணை எதிர்பார்த்து வந்திருந்தது. மேடையேறியதோ ஐந்தடியைத் தொடாத, நெற்றியில் சிவப்புத் துணி கட்டிய, இருபது வயதுகூட நிரம்பாத பெண்.

சரணடைவதற்கு அவர் வைத்த நிபந்தனைகளைக் கவனியுங்கள். தூக்குத் தண்டனை கூடாது என்றார். குடும்பத்துக்குப் பாதுகாப்பு கேட்டார். அவற்றோடு, மாயாதீன் பிடித்துவைத்திருக்கும் நிலத்தைத் தந்தைக்கு மீட்டுத் தர வேண்டும் என்றும் கேட்டார். இத்தனை ரத்தத்துக்குப் பிறகும், வழக்குகள் தலைக்குமேல் இருக்கும்போதும், அவர் வாயில் வந்தது அந்த நிலம். பத்து வயதில் உட்கார்ந்த அதே நிலம்.

படத்தில் அந்த நிலம் இல்லை. மாயாதீன் என்ற மனிதரே இல்லை.

இது சிறிய விடுபடல் அன்று. படத்துக்கு ஆதாரம் மாலா சென் 1991-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு. குவாலியர் சிறையில் இருந்த பூலனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய குறிப்புகள் சிறைக்கு வெளியே வந்து மாலா சென்னிடம் சேர்ந்தன. அந்தப் புத்தகத்தில் மாயாதீனுக்கு முக்கியமான இடம் உண்டு. படத்தின் திரைக்கதையிலும் மாலா சென்னின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் திரையில் நாம் பார்க்கும் பூலனின் வாழ்க்கை ஒரு வன்புணர்விலிருந்து அடுத்த வன்புணர்வுக்கு நகர்கிறது. கணவன், தாக்கூர் வீட்டுப் பையன்கள், காவல்துறை, பாபு குஜ்ஜார், கடைசியில் பெஹ்மாய். ஒவ்வொன்றும் அடுத்த துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணமாகிறது. அருந்ததி ராய் 1994-ல் 'சண்டே' இதழில் எழுதிய இரண்டு கட்டுரைகளில் இதைத்தான் பிடித்தார். தன் நிலத்துக்காகச் சண்டையிட்ட ஒரு பெண்ணை, வன்புணர்வுக்கு ஆளானதால் மட்டுமே பெயர்பெற்றவளாகப் படம் சுருக்கிவிட்டது என்று அவர் குற்றம்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்தால் இந்தத் தவறின் அளவு தெரியும். 2012-ல் வெளியான 'பான் சிங் தோமர்'. பூலன் திரிந்த அதே சம்பல் பள்ளத்தாக்கின் மண். ராணுவத்தில் இருந்து, தடை ஓட்டத்தில் தேசிய சாம்பியனாகி, பின்னாளில் கொள்ளையராகி, 1981-ல் காவல்துறையால் சுடப்பட்டு இறந்த ஒருவரின் கதை. அவர் துப்பாக்கி தூக்கியதற்குக் காரணம் பங்காளிகளோடு நிலத்தகராறு. இயக்குநர் திக்மான்ஷு தூலியா, 'பேண்டிட் குயின்' படத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்தவர். தன் படத்தில் அவர் நிலத்தை நடுவில் வைத்தார். இர்ஃபான் கான் அந்த நிலத்துக்காக மாவட்ட ஆட்சியரிடமும் காவல் நிலையத்திலும் நின்று கெஞ்சும் காட்சிகளை நாம் மறக்க முடியாது. ஆணின் கதை என்றால் நிலம் காரணமாகப் போதுமானதாக இருக்கிறது. பெண்ணின் கதை என்றால் அவள் உடலுக்கு நேர்ந்ததுதான் காரணம் என்று திரைக்கதை எழுதுகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே காலம், ஒரே வகைத் தகராறு. ஒருவருக்குத் திரையில் அந்த நிலம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. மாணவர்களே, திரைக்கதை எழுதப் போகிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

இனி நடிப்புக்கு வருகிறேன்.

சீமா பிஸ்வாஸ் அசாமின் நல்பாரியைச் சேர்ந்தவர். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து 1984-ல் வெளியேறி, அந்தப் பள்ளியின் நாடகக் குழுவிலேயே தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்தவர். மேடையில் பார்த்துத்தான் சேகர் கபூர் அவரைத் தேர்ந்தெடுத்தார். இந்திப் பட ரசிகர்களுக்கு அன்று அவர் முகம் தெரியாது. அது படத்துக்குப் பெரிய பலம். தெரிந்த நட்சத்திரம் ஒருவர் நடித்திருந்தால், கஷ்டப்படுவது அந்த நட்சத்திரம் என்ற நினைப்பு நமக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். தமிழ் ரசிகர்கள் அவரைப் பின்னாளில் எஸ்.பி. ஜனநாதனின் 'இயற்கை' படத்தில் பார்த்திருப்பீர்கள். தீபா மேத்தாவின் 'வாட்டர்' படத்தில் விதவை சகுந்தலாவாகப் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு படங்களிலும் அவர் அடங்கிய குரலில் நடித்திருக்கிறார். 'பேண்டிட் குயின்' அவரிடம் வேறொன்றைக் கேட்டது.

படத்தின் முதல் காட்சியே அவர் முகம்தான். கேமராவை நேராகப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தையோடு, தன் பெயரைச் சொல்கிறார். தணிக்கைக்காரர்களைத் துடிக்கவைத்த வசனம் அது. அந்த வசவைச் சீமா எப்படிச் சொல்கிறார் என்பதுதான் முக்கியம். எதிராளியைப் பயமுறுத்தும் தோரணை அதில் இல்லை. ஆற்றங்கரையில் துணி துவைத்தபடி, வரப்பில் நின்றபடி, தினமும் சண்டையிட்டு வளர்ந்த பெண்ணின் வாயிலிருந்து மூச்சுபோல வருகிற வசவு. புந்தேல்கண்டு வட்டாரத்தின் இந்தியை அசாமியப் பெண் ஒருவர் அப்படிப் பேசுவதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

புத்திலாலை அடிக்கும் காட்சிக்கு வருவோம். கொள்ளைக் கூட்டத்தோடு திரும்பிவந்து, தன்னைப் பதினோரு வயதில் சிதைத்த கணவனைப் பிடித்து அடிக்கிறார். பழிவாங்கும் காட்சிகளைச் சினிமாவில் நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். அடிப்பவர் நிமிர்ந்து நிற்பார், வசனம் பேசுவார், நமக்குக் கை தட்டத் தோன்றும். சீமா அப்படி எந்த வாய்ப்பும் தரவில்லை. அடிக்க அடிக்க அவர் குரல் வயதில் குறைந்துகொண்டே போகிறது. வளர்ந்த பெண்ணின் அலறல் சிறுமியின் அழுகையாக மாறுகிறது. அடித்து முடித்த பிறகு அவர் முகத்தில் வெற்றி இல்லை, ஆறுதல்கூட முழுதாக இல்லை. துப்பாக்கி கையில் வந்தாலும் இழந்தது திரும்பி வராது என்பதைத் திரைக்கதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. சீமா அந்த ஒரு காட்சியில் சொல்லிவிட்டார்.

விக்ரமாக நடித்த நிர்மல் பாண்டேயோடு வரும் காட்சிகளைப் பலரும் காதல் காட்சிகள் என்று கடந்துபோகிறார்கள். நான் அவற்றை மிக உயர்ந்த நடிப்பாகக் கருதுகிறேன். விக்ரம் நெருங்கும்போது முதலில் பூலனின் உடல் விறைக்கிறது. ஆண் கை பட்டால் அடி விழும் என்றே பழகிய உடல் அது. அந்த விறைப்பு ஒரே காட்சியில் போய்விடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் தளர்கிறது, பிறகு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். குழந்தையாக இருக்கும்போது வந்திருக்க வேண்டிய சிரிப்பு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்ல வருவது சீமாவின் கோபத்தைப் பற்றி. திரைக்கதை அவருக்குக் கொடுத்தது மானம் பறிபோனவளின் கோபம். அவர் நடித்தது உரிமை பறிபோனவளின் கோபம். இந்த வேறுபாடு கண்ணில் தெரிகிறது. மானம் பறிபோனவளாக எழுதப்படும் பெண் சினிமாவில் தலை குனிவாள், உலகத்திலிருந்து தன்னை மறைத்துக்கொள்வாள், சாவைத் தேடுவாள். ஊர்ப் பஞ்சாயத்து கூடி அவரை ஊரைவிட்டு விலக்கும் காட்சியில் சீமாவின் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய் வருகின்றன. யார் யார் பொய் சொல்கிறார்கள் என்று மனத்தில் குறித்துக்கொள்வது போன்ற பார்வை. எனக்குச் சேர வேண்டியதை இவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பார்வை. மாயாதீன் படத்தில் இல்லாவிட்டாலும், வேப்பமரம் இல்லாவிட்டாலும், அந்த நிலத்தில் போய் உட்கார்ந்த சிறுமி அந்தப் பார்வையில் இருக்கிறாள். திரைக்கதையில் இல்லாததை நடிகர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால், மாலா சென்னின் புத்தகத்திலிருந்தா, தன் மனத்திலிருந்தா என்று என்னால் சொல்ல முடியாது. திரையில் அது இருக்கிறது.

பெஹ்மாய் கிணற்றடிக் காட்சியைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. பூலனை ஆடையின்றி ஊர் நடுவே நடத்தித் தண்ணீர் இறைக்கச் சொல்லும் காட்சி. அதில் நடந்தது தானல்ல, தனக்குப் பதிலாக இன்னொரு பெண் என்று சீமா பின்னாளில் சொல்லியிருக்கிறார். படம் வெளியான நாளில் சீமாவின் பெயரைச் சொல்லி நாடே வம்பு பேசியது. அந்த இன்னொரு பெண்ணை யாரும் விசாரிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் அசோக் மேத்தா அந்தக் காட்சியைத் தூரத்திலிருந்து எடுத்தார். எடுத்த விதத்தில் கண்ணியம் உண்டு. ஆனால் என் கேள்வி வேறு. பெஹ்மாயில் தனக்கு நேர்ந்ததைப் பூலன் ஒருபோதும் விவரமாகச் சொல்ல விரும்பவில்லை. மாலா சென் கேட்டபோதும் சுற்றிவளைத்த சொற்களால் கடந்துபோனார். அவர் மறைத்ததை வெளிச்சத்தில் காட்டும் உரிமை அவரைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது?

அவர் அப்போது உயிரோடு இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. 48 வழக்குகள் அவர் மீது இருந்தன. விசாரணையே முடியாமல் 11 ஆண்டு சிறையில் கிடந்து, முலாயம் சிங் யாதவ் அரசு வழக்குகளைத் திரும்பப் பெற்ற பிறகு 1994-ல் வெளியே வந்தார். பெஹ்மாயில் தான் யாரையும் சுடவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. படமோ அவரைப் படுகொலையின் நடுவில் நிறுத்துகிறது. தொடக்கத்தில் இது உண்மைக் கதை என்று எழுத்தும் போடுகிறது. ஒருவர் மறுக்கும் கொலையை, பெஹ்மாய் வழக்கு நீதிமன்றத்தில் தீராத நிலையில், உண்மை என்று முத்திரை குத்திக் காட்டினால் அதற்குப் பெயர் கலைச் சுதந்திரமா? இயக்குநர் பூலனை நேரில் சந்திக்கவே இல்லை என்றும், டெல்லியில் சிறப்புக் காட்சி நடத்தியவர்கள் படத்தை அவருக்குக் காட்டவில்லை என்றும் அருந்ததி ராய் எழுதினார். பூலன் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் படத்தை நிறுத்தி வைத்தது. பிறகு படத்துக்குப் பணம் போட்ட பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி அவருக்கு ஒரு தொகை கொடுக்க, வழக்கு முடிவுக்கு வந்தது. பணம் வாங்கிவிட்டாரே என்று கேட்பவர்கள் உண்டு. பதினோரு ஆண்டு சிறையிலிருந்து வந்தவருக்கு, நாடறிந்த வழக்கறிஞர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேறு வழி இருந்ததா என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

அதே 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. அது நம் ஊர் வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' இதழ் முயன்றபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. பத்திரிகை உலகம் அந்தத் தீர்ப்பை இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு விலக்கும் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரையும் அந்த நிகழ்வையும் வெளியிட்டு அவளை மறுபடி அவமானப்படுத்தக் கூடாது என்றார்கள் நீதிபதிகள். குற்றவாளி தன் கதையைத் தானே சொல்லலாம். பாதிக்கப்பட்டவளின் கதையை அவளைக் கேட்காமல் பிறர் சொல்லக் கூடாது. பூலன் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருந்தார். படம் எடுத்தவர்கள் அவரைக் குற்றவாளியாக மட்டும் கணக்கில் எடுத்து அனுமதி கேட்காமல் விட்டார்கள். திரையில் காட்டும்போது பாதிக்கப்பட்டவராகக் காட்டினார்கள்.

1996-ல் படம் திரைக்கு வந்தபோது மறுபடி வழக்கு. இம்முறை வழக்குப் போட்டவர், பாபு குஜ்ஜார் பாத்திரத்தால் தன் சமூகத்துக்கே இழுக்கு என்று சொன்ன ஒரு ஆண். டெல்லி உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1996 மே 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிப் படத்துக்கு வழிவிட்டது. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் ஆடையின்றி நடத்தப்படும் யூதர்களை எடுத்துக்காட்டி, கிணற்றடிக் காட்சி காமத்தைத் தூண்டாது, கண்ணீரையே வரவழைக்கும் என்றார்கள். கலைக்கு அது நல்ல தீர்ப்பு, எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சாதியின் மானம் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதிடப்பட்டது. சம்பந்தப்பட்ட பெண்ணின் ஆட்சேபம் அதற்குள் பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது. அதே மே மாதத்தில் அந்தப் பெண் மிர்சாப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் காலத்தில் பெஹ்மாயின் விதவைகளைப் பற்றியும் பேசியவர்கள் குறைவு. கொல்லப்பட்ட இருபது பேரில் பலருக்கு, பூலனுக்கு நேர்ந்த கொடுமையோடு எந்தத் தொடர்பும் இல்லை. படம் வன்புணர்வைப் படிப்படியாக அடுக்கிக்கொண்டு போவதால் படுகொலைக் காட்சி வரும்போது பார்வையாளருக்கு அது கணக்குத் தீர்ப்பதாகத் தோன்றிவிடுகிறது. செத்தவர்களுக்கும் அது அநீதி, பூலனுக்கும் அநீதி. இந்தக் காட்சியில் சீமாவின் முகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்ரீராம் கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு அவர் கண்களில் நியாயம் கிடைத்தவரின் அமைதி வருவதில்லை. கட்டுப்பாடு கைநழுவிப் போவதை உணர்ந்தவரின் பீதி வருகிறது. திரைக்கதை நம்மைக் கை தட்டச் சொல்கிறது. நடிகர் கை தட்ட விடவில்லை. அந்த வேடத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. மிகச் சரியான விருது.

பூலன் தேவி 1999-ல் மறுபடியும் மிர்சாப்பூரில் வென்றார். 2001 ஜூலை 25 அன்று டெல்லியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெஹ்மாய்க்குப் பழி என்று சொன்ன ஷேர் சிங் ராணா 2014-ல் தண்டிக்கப்பட்டார். பெஹ்மாய் வழக்கின் தீர்ப்பு 43 ஆண்டு கழித்து 2024 பிப்ரவரியில் கான்பூர் தேஹாத் நீதிமன்றத்தில் வந்தது. எஞ்சியிருந்த இருவரில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, இன்னொருவர் விடுதலை.

மாணவ நண்பர்களே, 'பேண்டிட் குயின்' படத்தைப் பாருங்கள். புறக்கணிக்க வேண்டாம், அப்படிச் செய்தால் சீமா பிஸ்வாஸின் உழைப்பை இழப்பீர்கள். பார்த்த பிறகு மாலா சென்னின் புத்தகத்தையும், பூலன் தானே சொல்லி எழுதவைத்து 1996-ல் வெளியான தன்வரலாற்றையும் தேடிப் படியுங்கள். உங்களில் யாராவது நாளை உயிரோடிருக்கும் ஒருவரின் கதையைப் படமாக எடுத்தால், அவர் எவ்வளவு பெரிய குற்றம் செய்தவராக இருந்தாலும், முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். படம் முடிந்ததும் வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.